பகல்நேரக் காற்றின் கொந்தளிப்பையும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தின் காற்று மாசைப் பற்றிப் பேசும்போது நுண்துகள் அளவை மட்டுமே பார்க்கிறோம். அத்துகளைக் கலைப்பதும் தரைக்கு இறக்குவதுமான காற்றுக் கொந்தளிப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

சித்திரை வெயிலில் தரை சூடேறியதும் அதையொட்டிய காற்று இலேசாகி மேலெழுந்து மேற்காற்றோடு கலக்க, பிற்பகலுக்குள் இக்கலப்பு ஏற்காட்டின் உயரத்தையும் எட்டக்கூடும். அந்நேரத்தில் செங்கல் சூளைப் புகை ஏறியும் தாழ்ந்தும் நெளிந்து, சில கணம் தரையையே தொடுவதை வெறுங்கண்ணால் காணலாம். வழக்கமான கிண்ணக் காற்றுமானி கிடைமட்ட வேகத்தை மட்டுமே காட்டும். இந்தச் செங்குத்து அசைவை அது அறியாது. மீயொலிக் காற்றுமானியோ, ஒலித்துடிப்புகள் கடக்கும் நேரத்தைக் கொண்டு மூன்று திசை வேகத்தையும் வெப்பநிலையையும் நொடிக்கு 10 அல்லது 20 முறை பதிகிறது. செங்குத்து வேகமும் வெப்பநிலையும் சேர்ந்து மாறுவதை 30 நிமிட அளவில் சராசரி எடுத்தால், மேலேறும் வெப்பத்தின் அளவு கிடைத்துவிடும். பகலின் பெருஞ்சுழல்கள் மெதுவாகவே கடப்பதால், இந்த நேரத்தை மிகவும் சுருக்குவது தவறு.

தரையருகே காற்றின் கொந்தளிப்பைக் கணிக்க, சோவியத் அறிவியலாளர்கள் மோனினும் ஒபுகோவும் 1954-இல் வகுத்த கோட்பாடு சமதளத்திற்கானது. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை சூழ்ந்த நம் ஊருக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. எனவே நகரின் சமவெளியில் ஒன்றும் மலைச்சரிவில் ஒன்றுமாக மீயொலிக் காற்றுமானி பொருத்திய கோபுரங்களை அமைத்து, அளவீடுகளை மக்கள் பார்வைக்கு வெளியிட அரசு முன்வர வேண்டுமென மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.