தம்பிக்கு, அந்தத் தாளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. பிசானம் அறுவடை முடிந்து நெல்லும் விலைக்குப் போட்டாயிற்று. ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைத்துவிடலாம் என்று சித்தப்பா சொல்கிறான்.

உன் அமெரிக்கப் படிப்புக்காக என் சொத்துக் கணக்கைக் காட்டி ஆடிட்டர் அடித்த தாள் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கடைவீதியில் பிரிண்ட் எடுத்தேன். "கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்கப்பா, அவசரம்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ராத்திரியே போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஆபீஸில் வேலை நெருக்கடியாக இருந்திருக்கும். அக்காவோடு அரைமணி நேரம் பேசினாயாம், அவள் சொன்னாள். அவளிடமாவது பேசினாயே, சந்தோஷம்.

போனில் கிடைத்தாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை ஊரில் சொல்லாத ஆள் இல்லை. நியூயார்க் என்றதும் நான் அந்தப் பெரிய நகரம் என்றே நினைத்துவிட்டேன். மாப்பிள்ளைதான் மேப்பில் காட்டினார். அது மாநிலத்தின் மேற்குக் கோடியாம், ஈரி ஏரிக்கரையாம், நயாகரா அருவி பக்கத்திலாம், கனடா எல்லை கூப்பிடு தூரமாம். பனி கொட்டுகிற ஊர் என்றார். அம்மா அன்றைக்கே கம்பளிக் கவலையை ஆரம்பித்துவிட்டாள். நம் குடும்பத்தில் ஒருவன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டதே இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு மனுவுக்கும் எழுபத்தைந்து, நூறு டாலர் என்று உன் சம்பளத்திலேயே கட்டினாய், வீட்டில் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். எனக்கும் பெருமைதான்.

சரி, அந்தத் தாள்.

அதில் நஞ்செய் 2 ஏக்கர் 80 சென்ட் என்று என் பெயரில் போட்டிருக்கிறது. அது கூட்டுப் பட்டா என்று உனக்குத் தெரியும். என் பங்கு 1 ஏக்கர் 40 சென்ட், மீதி சித்தப்பாவுடையது. பட்டாவில் என் பெயர் முதலில் இருப்பதால் ஆடிட்டர் ஆபீஸில் எல்லாவற்றையும் என் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போல. இதெல்லாம் நடக்கிறதுதான். என் சர்வீஸில் இப்படி எத்தனையோ சிட்டாவைத் திருத்தியிருக்கிறேன்.

அடுத்த வரிதான் எனக்குப் பிடிபடவில்லை. என் பெயரில் பதினெட்டு லட்சம் வைப்புத்தொகை என்று இருக்கிறது. ரிடையர் ஆனபோது வந்த பணம் அக்கா கல்யாணத்துக்கும் மாடி கட்டினதுக்கும் போனது உனக்குத் தெரியாததா? வேறு யாருடைய தாளோ மாறி வந்திருக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு மனுப் போட்டுக் கொடுக்கிற கன்சல்டன்சியில் ஒரே நாளில் நூறு பையன்களுக்குத் தாள் அடிப்பார்கள்.

கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், உன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சில இடங்களில் மூன்று மாதத்துக்கு யாரோ ஒருவருடைய பணத்தை வட்டிக்கு வாங்கி அப்பா கணக்கில் போட்டு, பாஸ்புக்கில் ஏறியதும் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம். எல்லோரும் செய்கிறதுதான், தூதரகத்தில் யாரும் துருவிப் பார்க்கப் போவதில்லை என்று பையன்களுக்குத் தைரியம் சொல்கிறார்களாம். துருவிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வார்களா? தெரிந்தே பொய்க் காகிதம் கொடுத்தார்கள் என்று விசா அதிகாரி எழுதிவிட்டால், அமெரிக்கச் சட்டப்படி அந்த ஆளுக்கு ஆயுள் முழுக்கத் தடை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கம்பெனியே அனுப்பி வைத்தாலும் அந்தப் பழைய குறிப்பு முன்னால் வந்து நிற்கும். விலக்குக் கேட்டு மன்றாட வேண்டியிருக்கும். வெறுமனே விசா மறுக்கப்படுவது வேறு. அவர்கள் 214(பி) பிரிவு என்கிறார்களே, அதில் 185 டாலர் கட்டணத்தோடு போகும், அடுத்த தடவை திரும்ப மனுப் போடலாம். திரும்பக் கேட்க முடிகிற மறுப்புக்கு நான் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே.

இதைவிட ஒன்று. விசா கேட்கப் பல்கலைக்கழகம் கொடுக்கிற ஐ-20 தாளை வாங்குவதற்கு நிலத்தின் மதிப்பே அநேகமாக உதவாது என்று மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். முதல் வருஷப் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகிற பணம், உடனே எடுக்கக்கூடியதாக இருக்கிறதா என்றுதான் பல்கலைக்கழகம் பார்க்கும். வங்கி இருப்பு, அல்லது வங்கி கொடுக்கிற கடன் அனுமதிக் கடிதம். 1 ஏக்கர் 40 சென்ட்டை 2 ஏக்கர் 80 ஆக்கினாலும் அங்கே ஒன்றும் ஏறப்போவதில்லை. எதற்காக ஒருவன் அந்தத் தப்பைச் செய்யவேண்டும்?

வாசித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. என்னையும் அப்படிப் போடச் சொல்லாதே.

2024-இல் பேப்பரில் வந்த ஒரு செய்தி மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுப் பையன் ஒருவன் முழு உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தான். மார்க் ஷீட்டெல்லாம் போலி. அதோடு, உயிரோடு இருக்கிற அப்பா இறந்துவிட்டதாக ஒரு சான்றிதழ் தயார்செய்து கொடுத்திருக்கிறான். இணையத்தில் தன் பெயரைப் போடாமல் அவனே அதையெல்லாம் எழுதிவைக்க, அதை ஒருவர் பார்த்து விஷயம் வெளியே வந்தது. கைதானான். குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு திரும்பினான். கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். கிராமத்தில் இறப்புப் பதிவேடு எழுதுவதும் அந்த வேலையில் அடக்கம். துக்க வீட்டுக்காரர்கள் தலையில் துண்டோடு வந்து நிற்க, ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதியவன். அந்தப் பையனுடைய அப்பா அந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பார் என்று அன்றைக்கு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் கெட்ட பையனாக இருந்திருக்கமாட்டான். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டிருப்பான்.

நீ கூச்சப்படாதே. அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உன் அரியர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதும், அடுத்த தடவையே இரண்டையும் நீ எழுதித் தேறியதும் எனக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டில் எந்த மாதம் எந்த வருஷம் பாஸானாய் என்று இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தானே பஃபலோக்காரர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள்? பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

மனுவோடு உன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கிற எஸ்ஓபி கட்டுரையை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். "சிறுவயது முதலே தொழில்நுட்பத்தின் மீது தணியாத ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். என் பிள்ளை அதில் எங்கே இருக்கிறான் என்று தேடினேன். பிளஸ் டூ லீவில் நீ பம்ப்செட் ஸ்டார்ட்டரோடு பழைய போனைச் சேர்த்துக்கட்டி, வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரை ஓடவைத்தாயே, அதை ஏன் எழுதவில்லை? மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் நானும் சித்தப்பாவும் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க அதற்கு ஒரு ரிலே வேறு வைத்தாய். மின் பொறியியலில் மேல்படிப்புக்குப் போகிற பையனைப் பற்றி அந்தப் பேராசிரியர்களுக்குத் தெரியவேண்டியது அதுதான். அடுத்து எங்கே எதை எழுதிக் கொடுக்க நேர்ந்தாலும் அதை எழுது. நீயே எழுது. இங்கிலீஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குடிமுழுகிப் போகாது.

மனுவின் கடைசியில், இதில் உள்ளதெல்லாம் உண்மை, என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி இருக்குமாம். பெயரை டைப் அடித்தாலே கையெழுத்துக்குச் சமமாம். கன்சல்டன்சிக்காரர்கள் அடித்தாலும் அது உன் பெயர். பொய் என்று பிற்பாடு தெரிந்தால் சேர்க்கையை ரத்து செய்வார்கள், பட்டம் கொடுத்த பிறகுகூடத் திரும்ப வாங்குவார்கள். மனு போட்ட இமெயிலும் பாஸ்வேர்டும் உன் கையில் இருக்கிறதா, அவர்கள் கையில் இருக்கிறதா? அவர்கள் கையில் இருந்தால் இன்றைக்கே மாற்று. அவர்கள் எந்தக் கல்லூரிக்கு என்ன அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து வாசி. சில கல்லூரிகள் ஏஜெண்டுகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கிறதையும் மனதில் வைத்துக்கொள். சந்தேகம் இருந்தால் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் இருக்கிறது, அமெரிக்க அரசின் ஆதரவில் நடப்பது. பொதுவான விளக்கம் கேட்கக் காசு வேண்டாம். அவர்கள் திறந்திருக்கிற நாளாகப் பார்த்து ஒருநாள் லீவு போட்டுப் போய்வா.

விசா நேர்காணலில் அப்பா என்ன செய்கிறார், யார் செலவு செய்கிறார்கள் என்றும் கேட்பார்களாம். இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். ரிடையர்டு வி.ஏ.ஓ., பென்ஷன் வருகிறது, 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்செய், வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் என்று சொல். இதில் எதையும் நீ மனப்பாடம் பண்ணவேண்டாம்.

வீட்டு விஷயம் இதோடு வந்துவிட்டது. வீட்டை வைக்கவேண்டாம் என்று நீ அக்காவிடம் சொன்னாயாமே. தாத்தா கட்டிய வீடு, அப்பாவுக்குப் பிற்காலத்தில் கஷ்டம் வரக்கூடாது என்றாயாம். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இதை என்னிடம் அல்லவா கேட்டிருக்கவேண்டும்? வீடு யார் பெயரில் இருக்கிறது? நானும் அம்மாவும் பேசி முடிவெடுத்தாயிற்று. மூலப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. வங்கி வக்கீல் பத்திரத்தைப் பார்த்து ஒப்பீனியன் கொடுக்கவேண்டும், இன்ஜினியர் வந்து வீட்டை மதிப்பிடவேண்டும். நிலத்தை அவர்கள் கேட்கவே இல்லை, விவசாய நிலத்தைப் படிப்புக் கடனுக்கு எடுப்பதில்லை என்றார் மேனேஜர். படிப்பு முடிந்து ஒரு வருஷம்வரை தவணை கட்டவேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்த வட்டியைப் படிக்கும்போதே முடிந்தவரை கட்டிவந்தால் பின்னால் பாரம் குறையும். என் பென்ஷனில் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். நீ சம்பாதித்ததும் மீட்டுக்கொடு. நேரமானாலும் பரவாயில்லை. வேலை கிடைக்காமல் திரும்பி வந்தாலும் சேர்ந்து கட்டுவோம், நீ படித்த படிப்பு எங்கேயும் போகாது.

கடன் கிடைக்காமல் போய் இந்த வருஷம் போகமுடியவில்லை என்றால் அடுத்த வருஷம் போகலாம். சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேள். முடியாது என்றால் மறுபடி மனுப் போடு. அதற்காக யாரும் உன்னைக் குறைத்துப் பேசமாட்டார்கள். பேசினால் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. சரியான அளவோடு புதிய சிட்டா நகல் எடுத்து, என் பென்ஷன் ஆர்டர் நகலும் பாஸ்புக் நகலும் சேர்த்து இதோடு வைத்திருக்கிறேன். வேறு தாள் அடிக்கச் சொல்வதானால் இதை வைத்து அடிக்கச் சொல், உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பழைய தாளை அவர்களிடமிருந்து கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டுவிடு. ஏற்கெனவே எங்காவது அனுப்பியிருந்தால் மறைக்காமல் சொல், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நாமே எழுதித் திருத்திவிடலாம். கோபிக்கமாட்டேன். சித்தப்பாவிடமும் அம்மாவிடமும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மேனேஜர் வரச்சொல்லியிருக்கிறார். கடன் வாங்குகிறவன் நீ என்பதால் நீயும் வரவேண்டும். வியாழன் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. ஆதார், பான், பத்தாவது பன்னிரண்டாவது மார்க் ஷீட், மூன்று மாதச் சம்பள ரசீது, அட்மிஷன் லெட்டர், போட்டோ எல்லாம் ஒரிஜினலும் நகலுமாகக் கொண்டு வா. வண்டியில் ஏறியதும் எனக்கு ஒரு போன் போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா