எஞ்சின் இருமுவதற்குக் குளிர் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்று ஓய்ந்து, கரையேற்றி வைத்திருந்த படகுகள் மீண்டும் கடலில் இறங்கும் இந்த நாட்களில், பாலமீன்மடுக் கரையில் விடியற்காலை நான்கு மணிக்கு நிற்பவரின் காதில் விழுவது ஒரே முறைப்பாடுதான்: "குளிருக்கு எஞ்சின் இழுக்குதில்லை." மட்டக்களப்பில் தை மாத விடியலில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. பனி கொட்டும் நாடுகளிலும் ஓடுகின்ற இயந்திரம் நமது விடியலுக்கு நடுங்குகிறது என்பதை ஏற்பதற்கில்லை.

எனது பழைய 15 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் இப்படித்தான் இருந்தது. காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் உயிர் வரும். உள்ளே தள்ளியதும் இருமி, படகையே உலுக்கி, நின்றுவிடும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறினால் குறையே தெரியாது. பழுதுபார்த்த ஒருவர் தீப்பொறி தரும் இரண்டு பிளக்குகளையும் மாற்றினார்; சரிவராமற்போகவே, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார். விலையைக் கேட்டபின் நானே அதைக் கழற்றினேன். மிதவைக் கிண்ணத்தின் அடியில், மாரி முழுவதும் தேங்கிக் கிடந்த பெற்றோல் வற்றிப் பிசினாகப் படிந்திருந்தது. மெதுவோட்டத்துக்கு எரிபொருள் தரும் சிறிய பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளையில் மங்கலான ஓர் ஒளிப்பொட்டு மட்டுமே தெரிந்தது.

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்சுவர்களில் ஒட்டிக்கொள்வதால், அப்போது வழக்கத்தைவிடக் கூடுதலான பெற்றோல் தேவைப்படுகிறது. பாதி அடைபட்ட ஜெட்டால் அதைக் கொடுக்க முடியாது. சூடேறியதும் தேவை குறைகிறது, வேகம் கூட்டினால் பெரிய ஜெட் பொறுப்பேற்கிறது, குறை மறைந்துபோகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தே ஓடுவது பரிகாரமல்ல: பிளக்கில் கரி படியும். அலை உடைகின்ற முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை கீறுப்பட்டுத் துளை பெருத்துவிடும். கார்பரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, வலையிலிருந்து வெட்டிய மெல்லிய தங்கூசி (நைலோன்) இழையை நுழைத்தெடுத்து, காற்றடித்தேன். மறுநாள் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

எல்லா எஞ்சினுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்தாலும், இரண்டு சிலிண்டர்களில் ஒன்று எரியாவிட்டாலும் இதே உலுக்கல் வரும். பிளக்குகளைக் கழற்றி எது நனைந்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்போர் கரை சேருமுன் பெற்றோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்த வேண்டும்; இல்லையேல் மறுநாள் கார்பரேட்டரில் மண்ணெண்ணெயே நிற்கும், ஆறிய எஞ்சினில் அது எளிதில் பற்றாது.

மாரிக்கு முன் படகைக் கரையேற்றும்போது, எஞ்சினின் அடிப்பகுதி தண்ணீரில் இருக்கும் நிலையிலேயே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் இந்தப் பிசின் படியாது. மீனவர் சங்கங்கள் புரட்டாதி அல்லது ஐப்பசி மாதக் கூட்டத்தில் ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவந்து, இளைஞர்கள் முன்னிலையில் கழற்றி இதைச் செய்து காட்டுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீனவர் ஒருவர்,
பாலமீன்மடு, மட்டக்களப்பு.