உள்ளே மாட்டிய நட்சத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 14, விசுவாசத்துக்காக உயிர்நீத்த புனித தேவசகாயத்தின் திருநாள். அன்று எங்கள் பங்கு ஆலயத்தின் தமிழ்த் திருப்பலியில், எந்த நெருக்கடியிலும் விசுவாசத்தில் உறுதியாக நிற்க வேண்டும் என்று மறையுரை வழங்கினார்கள். மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த உறுதி ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை நாம் பேசுவதே இல்லை என்ற குறை எனக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோலார் தங்கவயலில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் லைன் வீடுகளின் வாசலில் மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு செய்த நட்சத்திரங்கள் வரிசையாகத் தொங்கும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் எங்களோடு உட்கார்ந்து பசை தடவுவார்கள். கிறிஸ்தவளாக இருப்பதற்குத் தைரியம் வேண்டும் என்று அங்கே எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பலரையும் போல நாங்களும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் வாடகைக்கு வீடு தேடினோம். இரண்டு வீடுகளில் எங்கள் பெயரைக் கேட்டவுடன், வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். மூன்றாவது வீட்டின் படியில் கால் வைக்கும் முன் புரோக்கர் என்னை நிறுத்தி, "தாலியில இருக்கிற சிலுவைய உள்ள தள்ளிக்குங்கம்மா. அவங்க கேட்டா சொல்லுங்க, நீங்களா சொல்லாதீங்க" என்றார். அவர் எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். நாங்கள் எந்த ஆட்கள் என்று வீட்டுக்காரர் கன்னடத்தில் விசாரித்தபோது, தமிழர்கள் என்று மட்டும் கணவர் பதில் சொல்ல, நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையசைத்தேன். வீடு கிடைத்தது. அந்த டிசம்பரில் நட்சத்திரத்தைப் படுக்கை அறைக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டு மாட்டினேன். ஆறு வயது மகள் அண்ணாந்து பார்த்து, "உள்ள மாட்டினா ஞானிகளுக்கு எப்படிம்மா வழி தெரியும்?" என்று கேட்டாள். நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளைத்தான் சொன்னாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான், இயேசு கைதான இரவில் அவருடைய சீடர் பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்த கதை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. பேதுருவிடம் யாரும் வாளை நீட்டவில்லை; தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு பணிப்பெண் கேட்டாள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவே அவர் தனியாக இருந்தார். ஏழு வாரம் கழித்து அதே எருசலேமில், அதே பேதுரு கூட்டத்தின் முன் அஞ்சாமல் பேசுகிறார். தூய ஆவியார் தந்த துணிவு அது என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அவர் மற்றத் திருத்தூதர் பதினொருவரோடு சேர்ந்து எழுந்து நின்றார் என்றும் விவிலியத்தில் எழுதியிருக்கிறது.

தேவசகாயத்தின் வரலாறும் அப்படித்தான். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை, பொருள் இழப்பால் மனமொடிந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அவர் அருகில் அமர்ந்து, எல்லாவற்றையும் இழந்தும் விசுவாசத்தில் நிலைத்த யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றினார். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே விசுவாசத்தை ஏற்றார். தேவசகாயம் எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டதையும், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2022-இல் புனிதர் பட்டம் பெற்றதையும் நாம் மறவாமல் சொல்கிறோம். துயரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

என்னைவிடக் கடுமையான நெருக்கடியில் இருப்பவர்களும் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட ஒருவர் பட்டியல் சாதிச் சலுகையை இழக்கிறார். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை, கிறிஸ்தவர்களுக்கு இன்னும் கதவைத் திறக்கவில்லை. பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வாழும் பெற்றோரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது. அதற்கு ஒரு குடும்பம் தன் பிள்ளையின் எதிர்காலத்தை விலையாகக் கொடுக்கவேண்டி இருப்பது அநியாயம்.

நட்சத்திரத்தை உள்ளே மாட்டியதற்கு அடுத்த ஆண்டு, டிசம்பர் முதல் தேதி மாலை, எங்கள் அன்பியத்தை (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) சேர்ந்த ஒரு வயதான அம்மா, பேரனை அழைத்துக்கொண்டு, ஒயரும் பல்பும் எடுத்துக்கொண்டு உரிமையோடு உள்ளே நுழைந்து, "ஸ்டார் எங்கம்மா?" என்றார். நான் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நட்சத்திரத்தை வாசலில் மாட்டி முடிக்கும்வரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அதைக் கழற்றச் சொன்னபோது, இது எங்கள் ஆண்டவர் பிறப்புக்காக மாட்டியது, ஜனவரி 6 வரை இருக்கட்டும் என்று பணிவாகச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அன்பியத்தில் ஐந்து குடும்பங்கள் எங்களுக்காக வீடு தேடி அலைந்தன. இப்போதைய வீட்டுக்காரர் இந்து; எங்கள் முழுப் பெயரையும் கேட்டு, தெரிந்தேதான் சாவியைக் கொடுத்தார்.

பங்குத்தந்தையரிடமும் சபைப் பெரியவர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றே. வீடு தேடுபவரோடும், தாலுகா அலுவலக வரிசையில் நிற்பவரோடும் கூடப் போவதற்கு ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பேரையாவது ஏற்பாடு செய்யுங்கள். சென்ற டிசம்பரில் எங்கள் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த இரண்டு குடும்பங்களைப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் நட்சத்திரத்தை மாட்டிவிட்டு வந்தோம். மற்ற வீட்டில் இப்போது வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை, காபி குடித்து, சேர்ந்து ஜெபித்துவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டும் போவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
லிங்கராஜபுரம், பெங்களூரு.