அந்த ஒரு ஜிபி

கொழும்பு 6
2011 நவம்பர்

மச்சான்,

எட்டு மாதமாய் உனக்கு ஒரு வரி எழுதேல்லை, கோவிக்காதை. அம்மாவின்ரை கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதெண்டு கட்டையன் சொன்னவன். சந்தோசம். பெரியவர் பென்சன் எடுத்திட்டார்.

இப்ப எழுதுறது உனக்கு நன்றி சொல்ல.

போன வியாழன் விடியப்புறம் ரெண்டரைக்கு ஒபீசிலை இருந்து கோல். பக்கப் சேர்வர் விழுந்திட்டுது, ஏத்தினாலும் எழும்புதில்லையாம். வெள்ளவத்தையிலை கொட்டுற மழை. காலி வீதியிலை ஒரு ஓட்டோவை மறிச்சுக் கோட்டைக்குப் போய்ப் பார்த்தால், டிஎஸ்எம் எண்ட எங்கடை பக்கப் மென்பொருளின்ரை ரெக்கவரி லொக், அதுதான் நடக்கிற மாற்றமெல்லாம் எழுதுப்படுற பதிவு, நிரம்பிப் போய்க் கிடக்கு.

நீ வேலையை விட்டுப் போகேக்கை கன்டீனிலை எழுதித் தந்த துண்டு ஞாபகம் இருக்கோ? "13 வரைக்கும் விடும். நீ 12இலை நிப்பாட்டு." இந்த 5ஆம் வேர்ஷனிலை லொக்குக்கு 13 ஜிபிதான் உச்சம். முழுக்கக் குடுத்துவிட்டு அது நிரம்பினால் கூட்டவும் வழியில்லை, சேர்வரும் எழும்பாது. ஒரு ஜிபியை ஏன் சும்மா விடுறதெண்டு அப்ப உன்னோடை சண்டை பிடிச்சனான். அண்டைக்கு அந்த ஒரு ஜிபியிலைதான் புது வொல்யூம் ஒண்டை ஃபோர்மட் பண்ணி எக்ஸ்டெண்ட் லொக் குடுத்து லொக்கை நீட்டினன். நாலரைக்கு சேர்வர் எழும்பினாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காரணம் வவுனியாக் கிளை. அந்த மெல்லிய லைனிலை ஒரே ட்ரான்சாக்ஷனை, அதாவது சேர்த்து ஒண்டாய் முடிக்க வேண்டிய ஒரு தொகுதி வேலையை, பல மணித்தியாலம் திறந்தபடி வைச்சிருந்திருக்கு. லொக்கின்ரை வாலை அது மிதிச்சுக்கொண்டு நிண்டால், அதுக்குப் பிறகு எழுதின எதையும் விடேலாது. அடுத்த டேற்றாபேஸ் பக்கப் வரைக்கும் லொக்கை அழிக்காமல் வைச்சிருக்கிற ரோல்ஃபோர்வர்ட் மோட் எண்டபடியால், லொக் நிரம்ப நிரம்ப ட்ரிகர் அடிச்சு அடிச்சு டேற்றாபேஸ் பக்கப் ஓடியிருக்கு, லொக் குறையவே இல்லை. பக்கப் எடுத்தால் லொக் காலியாகும் எண்டு இங்கை எல்லாரும் நம்புகினம். முடியாத ட்ரான்சாக்ஷன் தொடங்கின இடம் வரைக்கும்தான் காலியாகும், மச்சான்! லொக்கை ஆர் பிடிச்சு வைச்சிருக்கெண்டு காட்டுற 'ஷோ லொக்பின்ட்' கட்டளையை அடிச்சிருந்தால் எந்த செஷன் (எந்த மெசினின்ரை தொடுப்பு) எண்டு அப்பவே பிடிச்சிருக்கலாம். ராத்திரி டியூட்டிப் பெடியளுக்கு அதை இப்ப பெரிய எழுத்திலை ஒட்டி வைச்சிருக்கிறன்.

மனேஜர் 6ஆம் வேர்ஷனுக்கு மாறச் சொல்லுறார். டீபீ2 எண்ட டேற்றாபேஸ் உள்ளுக்கை இருக்கு, இப்ப நடக்கிறதை எழுதுற ஆக்டிவ் லொக் 128 ஜிபி வரைக்கும் போகும், இனிப் பிரச்சினை இல்லை எண்டுறார். எனக்கு அதுதான் பயம். எழுதி முடிஞ்ச லொக்கைச் சேர்த்து வைக்கிற ஆர்க்கைவ் லொக் எண்டு இன்னொண்டு இருக்கே. முழு டேற்றாபேஸ் பக்கப் தவறினால் அது வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும், பிறகு ஆக்டிவ் லொக்கும் நிரம்பும். வவுனியா லைன் அதே லைன்தானே.

மந்தமான செஷனை வெட்டுற த்ரூபுட் (அனுப்புற வேக) அளவுகளை இப்போதைக்குப் போட்டிருக்கிறன். ஆனால் ரெண்டு ராத்திரியாய் வவுனியா பக்கப் முடியாமலே வெட்டுப்படுது. ஒரு கிளைச் சனத்தின்ரை கணக்கு முழுக்கக் காப்பில்லாமல் கிடக்கு. படுத்தால் நித்திரை வருகுதில்லை.

கிளையன்ட் பக்கம், அதாவது கிளை மெசினிலை, ட்ரான்சாக்ஷன் அளவைக் குறைக்கலாம் எண்டு யோசிக்கிறன். மட்டக்களப்புக் கிளைக்கு நீ அப்ப என்ன அளவு வைச்சனி? இந்தக் கிழமைக்குள்ளை பதில் போடு.