எருசலேம் பயணக் குழுக்களை நடத்தும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாமாருக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

நம் சபைகளிலிருந்து எருசலேம் போகிறவர்களில் பலர் வாழ்நாளில் ஒரே முறை போகிறவர்கள். ஓய்வூதியப் பணத்தோடு அரசு மானியத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைத் தமஸ்கு வாசலுக்கு வடக்கே உள்ள தோட்டக் கல்லறையில் நிறுத்தி, "ஆண்டவரை வைத்த இடம் இதுதான்" என்று அடித்துச் சொல்கிறீர்கள். பழைய நகரத்துக்குள் இருக்கும் திருக்கல்லறை ஆலயமோ "கத்தோலிக்கர் நம்புகிற இடம்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. நான் போன குழுவிலும் இதே கதைதான். (அந்த ஆலயத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மீனியர், கோப்துகள், சிரியர், எத்தியோப்பியர் எல்லாருக்கும் உரிமை உண்டு. சாவியைக் காப்பதும் கதவைத் திறப்பதும் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள்.)

தோட்டக் கல்லறை வெளிப்பட்டது 1867இல். 1883இல் எருசலேம் வந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் சார்லஸ் கார்டன், அருகிலிருந்த பாறை மண்டையோடு போலத் தெரிந்ததால் அதையே இயேசுவைச் சிலுவையில் அறைந்த கபாலஸ்தலம் என்றார். அவர் புகழ்பெற்றவர், பேச்சு எடுபட்டது. 1894இல் பிரிட்டனில் நிதி திரட்டி நிலத்தை வாங்கினார்கள். ஆனால் 1986இல் இஸ்ரேலிய ஆய்வாளர் கபிரியேல் பர்காய், அறைகளின் அமைப்பையும் அக்கம்பக்கக் கல்லறைகளையும் ஒப்பிட்டு, இது கி.மு. 8–7ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்று காட்டினார். ஏசாயா, எரேமியா காலத்துக் கல்லறை! யோவான் சுவிசேஷம் சொல்வதோ அதுவரை யாரையும் வைத்திராத புதிய கல்லறை. இந்த முரணை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

"சிலுவையில் அறைந்தது நகரத்துக்கு வெளியே, அந்த ஆலயமோ மதிலுக்குள் இருக்கிறதே" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் மதில் 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசுவின் காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியே கிடந்தது. அதை உள்ளே கொண்டுவந்த புதிய மதிலை அரசன் ஏரோது அகிரிப்பா தொடங்கியது அதற்குப் பிறகு, கி.பி. 41–44 ஆண்டுகளில். ஆலயத்துக்குத் தெற்கே 1960களில் தொல்லியல் ஆய்வாளர் கேத்லீன் கென்யன் தோண்டியபோது வெளிப்பட்டது பழைய கல்குவாரி; அந்த இடம் ஊருக்கு வெளியே இருந்ததற்கு அது ஓர் அடையாளம். ஆலயத்துக்குள்ளேயே, சிரியர்களின் சிற்றாலயத்தை ஒட்டி, முதல் நூற்றாண்டு யூதர்களின் பாணியில் பாறையில் குடைந்த கல்லறைக் குழிகள் இருக்கின்றன. யூதர்கள் ஊருக்குள் அடக்கம் செய்வதில்லை.

இன்னொன்று. கி.பி. 326 வாக்கில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே ஆலயம் கட்டத் தொடங்கியபோது, அவருக்கு முந்தைய பேரரசர் ஹாட்ரியன் காலத்து ரோமக் கோயிலை இடிக்க வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே வெற்று நிலம் எவ்வளவோ இருக்க, நகரின் நடுவே ஒரு கோயிலை இடித்துத் தேடியிருக்கிறார்கள் என்றால், உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் நினைவு அவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து "நிரூபணமாகிவிட்டது" என்றும் சொல்ல வேண்டாம். 2016இல் திருக்கல்லறை ஆலயத்திலுள்ள கல்லறையைத் திறந்தபோது எடுத்த சுண்ணச்சாந்தின் காலம் ஏறத்தாழ 345 என்று தெரிந்தது. கான்ஸ்டன்டைன் காலத்தவர் போற்றிய இடம் இதுவே என்பதை அது உறுதிசெய்கிறது. அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டு இடைவெளியை அது நிரப்பவில்லை. ஆலயத் தரையின் அடியில் ஆலிவ், திராட்சைத் தடயங்கள் கிடைத்ததாக 2025இல் செய்தி வந்தது. யோவான் சுவிசேஷம் சொல்லும் தோட்டம் இதுதான் என்று உடனே துண்டுப் பிரசுரம் அடித்துவிடாதீர்கள்.

தோட்டக் கல்லறை நம்மவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்கும் தெரியும். மரநிழல், அமைதி, கீர்த்தனை பாட இடம். திருக்கல்லறை ஆலயத்திலோ விளக்குப் புகை, சுரூபங்கள், நெரிசல், "நகருங்கள்" என்று விரட்டும் துறவிகள். நம் புராட்டஸ்டண்ட் கண்ணுக்கு அது ஒவ்வவில்லை. ஆனால் ஒவ்வாமை ஒரு சான்றாகாது. தோட்டத்தை நடத்துகிறவர்களே "இடம் முக்கியமல்ல, உயிர்த்தெழுதலே முக்கியம்" என்கிறார்கள். நீங்கள் அவர்களை மிஞ்சிவிடுகிறீர்கள். திருவிருந்தைத் தோட்டத்திலேயே நடத்துங்கள், யாரும் தடுக்கவில்லை.

யோர்தானிலும் இதே குறைதான். யோவான் ஸ்நானகன் ஞானஸ்நானம் கொடுத்தது ஆற்றின் அக்கரையில் என்று சுவிசேஷம் சொல்கிறது. யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் ஜோர்டானிலுள்ள அல்-மக்தாஸ். நீங்கள் முழுக்குக் கொடுப்பதோ கலிலேயாக் கடலருகே, 1981இல் வசதிக்காக அமைத்த யார்தெனித் துறையில். முழுக்குக் கொடுங்கள், இயேசு இறங்கிய துறை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த குழுவின் நிகழ்ச்சி நிரலில் திருக்கல்லறை ஆலயத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். கூட்டம் சேருமுன் விடியற்காலையில் அழைத்துப் போங்கள். சிரியர் சிற்றாலயத்தில் வெளிச்சம் குறைவு. ஒரு டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு அந்தக் குழிகளைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் ஒன்றில் வந்த ஒரு சபையார்