முருகேசனுக்கு, ஐந்தச்சு இயந்திரம் வாங்குவது பற்றி

இடம்: கணபதி, கோவை

அன்புள்ள முருகேசா,

இங்கே அனைவரும் நலம். பெரியவளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்துவிட்டதாக மாணிக்கம் சொன்னான். என் வாழ்த்தை அவளிடம் சேர்த்துவிடு. இனி வந்த காரியத்துக்கு வருகிறேன். நேராக நகரும் மூன்று அச்சுகளோடு, சாயவும் சுழலவும் இன்னும் இரண்டு அச்சுகள் கொண்ட ஃபைவ் ஆக்சிஸ் மில்லிங் மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கிறேன். சிரிக்காதே. சிரித்து முடித்த பிறகாவது மீதியைப் படி.

பல ஆண்டுகளாக நமக்கு வால்வு பாடி வேலை தரும் பம்ப் கம்பெனி, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறகுச் சக்கரமான, 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள திறந்த இம்பெல்லர் ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்து, 316 எஸ்எஸ் என்ற துருப்பிடிக்காத எஃகு உருளையிலிருந்து நேராகக் குடைந்து தர முடியுமா என்று சென்ற மாதம் கேட்டது. ஒரு தடவைக்கு ஏழெட்டு உருப்படிக்கு மேல் தேவைப்படாது என்பதால், பேட்டர்ன் செய்து வார்ப்புக்காக ஃபவுண்டரிக்கு அனுப்புவது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். இறகுகள் நன்றாக முறுக்கியிருக்கின்றன. நம் மூன்றச்சு மில்லிங் மெஷினான விஎம்சியில் எப்படிக் கவ்வினாலும் இரண்டு இறகுகளுக்கு நடுவே அடிவரைக்கும் டூல் இறங்காது. மறுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நம் பட்டறைப் பையன் கார்த்திதான் கேட்கவில்லை, ஒரே இரவில் கேம் மென்பொருளில் டூல் செல்ல வேண்டிய பாதையை, டூல்பாத்தை, போட்டுக் கொண்டுவந்து, மெஷின் மட்டும் இருந்தால் போதும் என்று நின்றான்.

அன்றிலிருந்து கொட்டேஷன் வாங்குவதே வேலையாகிவிட்டது. இந்த வியாபாரத்தில் ஐந்து அச்சு என்று விளம்பரப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி எதையும் வாங்கக் கூடாது என்பதை நீ என்னைவிட நன்கு அறிவாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிவாகிறது. வந்தவற்றில் விலை குறைந்த மெஷினில் தொட்டில் மேசையும் அதன்மேல் சுழலும் தட்டும் பார்க்க அழகாகவே இருந்தன. அச்சுகளை ஓட்டும் கண்ட்ரோலர் எது என்று கேட்டபோது ஃபானுக் ஜீரோ ஐ-எம்எஃப் என்றார்கள். அதில் ஒரே நேரத்தில் சேர்ந்து அசையக்கூடியவை நான்கு அச்சுகள் மட்டுமே. ஐந்தாவதைத் திருப்பி, பூட்டி, பிறகு வெட்டலாம். ஐந்தும் ஒன்றாக ஓடாது. ஓட வேண்டுமானால் 31ஐ-பி5 வரைக்கும் போக வேண்டும், அங்கே விலை ஒரு தாவு தாவுகிறது. விற்க வந்த தம்பியிடம் இதைக் கேட்டேன். “உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது சார்” என்றான். என் வேலை என்ன என்று அதுவரை அவன் கேட்கவே இல்லை.

அதோடும் முடியவில்லை. ஐந்தும் சேர்ந்து ஓடுகிற கண்ட்ரோலரிலும் டூல் முனையைத் தொடரும் வசதி திறந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஃபானுக்கில் ஜி 43.4, சீமென்ஸில் ட்ராவோரி, ஹைடன்ஹைனில் எம் 128, ஹாஸில் ஜி 234 என்று ஆளுக்கொரு பெயர். அது இல்லாவிட்டால் மேசை சாயும்போதெல்லாம் டூல் முனை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை கேம் மென்பொருளே முன்கூட்டிக் கணக்கிட்டுத் தர வேண்டும். மேசைமேல் ஜாப் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்தாலும், டூலை மாற்றி நீளம் வேறாக வந்தாலும், புரோகிராமை முழுவதும் மறுபடி போஸ்ட் செய்து, மெஷினுக்கான கட்டளைகளாகப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். ஆப்ஷன் என்ற தலைப்பில் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த ஒரு வரியில்தான் அந்த மெஷின் எனக்குப் பயன்படுமா படாதா என்பது அடங்கியிருக்கிறது.

வெளிநாட்டு மெஷின் என்றால், ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். தீபாவளி ராக்கெட்டால் வாத்தியார் வீட்டு மாடியைக் கொளுத்தியவனின் கூட்டாளி நான் என்பதை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீயே சொல். விளையாட்டு போகட்டும், இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1980களில் தோஷிபா மெஷின் கம்பெனி சோவியத் யூனியனுக்குப் பெரிய மில்லிங் மெஷின்களை விற்றது. அவற்றுக்குக் கண்ட்ரோலர் கொடுத்தது நார்வேயின் கோங்ஸ்பெர்க். நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரைச் சத்தமில்லாமல் சுழலும்படி செதுக்க அவை பயன்பட்டன என்று 1987இல் பெரிய ரகளை ஆயிற்று. ஐந்து அச்சுகள் சேர்ந்து ஓடுகிற மெஷின்கள் இன்றும், ராணுவத்துக்கும் உதவக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைப் பல நாடுகள் சேர்ந்து கட்டுப்படுத்தும் வாசெனார் ஏற்பாட்டின் பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தியா 2017 டிசம்பரில் அதில் உறுப்பினராகிவிட்டாலும் படிவங்கள் குறையவில்லை. பழைய ஜப்பான் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் ஆசை காட்டினார். இடம் மாற்றினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கருவி அவற்றில் இருப்பதுண்டு என்பதால் நான் கிட்டவே போகவில்லை.

மாணிக்கம் சொல்லும் வழி வேறு. இருக்கிற விஎம்சியின் மேல் ஒரு தொட்டில் மேசையை வாங்கி வைத்துவிடு, செலவில் பெரும்பகுதி மிச்சம் என்கிறான். வால்வு பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் அது போதும் என்பதை மறுக்கவில்லை. நம் வேலையில் முக்கால்வாசி, திருப்பிப் பூட்டி வெட்டுகிற வேலைதான். ஒரே பிடியில் ஐந்து முகமும் முடிந்தால், ஒவ்வொரு முறையும் அவிழ்த்துப் பிடித்து நேராக அமர்ந்ததா என்று டயல் வைத்துப் பார்க்கும் நேரமும் மிச்சமாகும், பிழையும் குறையும். ஆனால் அந்த மேசையின் உயரம் இசட் அச்சில் பாதியை விழுங்கிவிடும். நீண்ட டூல் மாட்டினால் ஜாப் வைக்க இடமிருக்காது. மேசையைத் திருப்பும் வார்ம் கியர் தேய்ந்தால் வரும் ஆட்டம் வேறு. ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு விநாடி என்பதால் 20 விநாடிக் கோணப் பிழை கேட்பதற்குச் சிறியது, 150 மில்லிமீட்டர் ஆரத்தில் அதுவே ஏறக்குறைய 15 மைக்ரான், அதாவது 0.015 மில்லிமீட்டர். அதோடு இம்பெல்லர் கனவையும் மறந்துவிட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் என்னைத் தூங்கவிடாதது, மேசை எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தச் சுழல் மையம்தான். கண்ட்ரோலரில் பதிந்திருக்கும் மையத்துக்கும் உண்மையான மையத்துக்கும் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், 180 பாகை திருப்பியதும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று 0.04 விலகி நிற்கும். நம் பட்டறையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். காலைக்கும் பிற்பகலுக்கும் வெப்பம் 10 டிகிரி மாறினால், 300 மில்லிமீட்டர் இரும்பு 35 மைக்ரான் அளவுக்கு நீளும். ஆகவே, மேசைமேல் ஓர் உருண்டையை வைத்து மையத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் புரோப் என்ற தொடுகருவி இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவதாக இல்லை. அதற்குப் பதிலாக, டூலை நிமிடத்துக்கு 24,000 சுற்று சுழற்றும் ஸ்பிண்டிலை விட்டுக்கொடுக்கிறேன். பால்நோஸ் என்ற 6 மில்லிமீட்டர் உருண்டை முனை டூலில் எஸ்எஸ்ஸை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்டினாலும் 5,300 சுற்றுதான் வருகிறது, 12,000 தாராளம். அறுபது டூல்களை அடுக்கி வைக்கும் மேகசினும் வேண்டாம்.

பணக் கணக்கைச் சொல்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரு கோடி என்று வைத்துக்கொள். இரண்டு ஷிப்டில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடினால், ஏழு ஆண்டுத் தேய்மானம் மட்டும் மணிக்கு 357 ரூபாய். பாதி நேரம் நின்றுகொண்டிருந்தால் 714. வட்டி, மின்சாரம், டூல், கூலி எல்லாம் அதற்கு மேல். இம்பெல்லரை மட்டும் நம்பினால் மெஷின் நின்றுதான் கிடக்கும். வால்வு பாடியையும் அதிலேயே ஏற்ற வேண்டும்.

முருகேசா, இந்த வயதில் கடன் வாங்குவதற்குக்கூட நான் அஞ்சவில்லை. இந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவன் பட்டறையில் ஒரே ஒருவன். நாளைக்கே கார்த்திக்குச் சென்னையிலோ ஜெர்மனியிலோ நல்ல சம்பளம் வந்தால் போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். அவன் போன மறுநாள் அந்த மெஷினின் முன்னால் யார் நிற்பது என்பதற்குத்தான் விடை கிடைக்கவில்லை. இன்னொரு பையனையும் கூடவே பழக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

இப்போதைக்கு என் மனம் சாய்வது சிறிய மேசையும் முழுமையான கண்ட்ரோலரும் கொண்ட ஒரு மெஷினின் பக்கம். முன்பணம் கொடுப்பதற்கு முன், அவர்கள் வழக்கமாக வெட்டிக் காட்டும் பளபளப்பான யானைப் பொம்மையை வேண்டாம் என்று சொல்லி, சாய்ந்த கூம்பு ஒன்றையும் நம் இம்பெல்லரையும் வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கூம்பின் வட்டத்தை அளந்தால் ஐந்து அச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது வெளியே வந்துவிடும். அடுத்த மாதம் பெங்களூரில் அவர்களுடைய இடத்திலேயே வெட்டுகிறார்கள். ஓசூரிலிருந்து உனக்கு அது ஒரு மணி நேரப் பயணம், சாக்குச் சொல்லாதே. மேசையைத் தொண்ணூறு பாகை சாய்த்து, பிரேக் பிடித்திருக்கும்போது கையால் அழுத்திப் பார்த்து எவ்வளவு அசைகிறது என்று நீதான் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை நான் நம்பப் போவதில்லை. வரும்போது, நுண்ணிய அசைவை அளக்கும் உன் லீவர் டயலைக் கொண்டு வா. என்னுடையதை மாணிக்கம் வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
சுந்தரம்