முதல் அறுபது அடி

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரவணனுக்கு,

நலம், உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பிடிமானம் இல்லாமலே வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எங்கள் மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் சேருவேன் என்று உறுதியாக நிற்கிறாள். எனக்கும் அதைத் தடுக்க மனமில்லை.

நீ ஃபோக்ஸ்வாகன் போலோ கார் வாங்கிய செய்தியை இரண்டு முறை படித்தேன். ஆறு கியர் மேனுவல், 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், அதுவும் ஒரே கை ஓட்டியது! 2022இல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்ட பிறகு இப்படி ஒரு வண்டி அமைவது உன் அதிர்ஷ்டம். அதைக் கால் மைல் டிராக் (drag) பந்தயத்துக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயத்துக்கு, தயார் செய்யப் பெரிய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), புது இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) என்று ஒரு பட்டறையில் பெரிய தொகையாக விலை சொல்லியிருக்கிறார்கள், முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குக் கொடுக்காதே. அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்குச் செலவழித்தால், பெரிய டர்போ தருவதில் பெரும்பகுதி உனக்குக் கிடைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

கால் மைல் என்பது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டியே மாறும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. கம்பெனியில் இருந்து வரும்போது உன் இன்ஜினுக்கு 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சக்தியை 30 விழுக்காடு கூட்டினாலும் நேரம் எட்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் குறையும். 17 வினாடி எடுக்கும் வண்டி 15.6 வினாடிக்கு வரும் என்று வைத்துக்கொள். அதுவும் கூட்டிய சக்தி முழுவதும் தரையில் இறங்கினால்தான். இறங்காது என்பதுதான் முன்சக்கர இயக்க வண்டியின் தலையாய சிக்கல்.

புறப்படும் நொடியில் எடை பின்னால் சாய்கிறது. ஆளோடு சேர்த்து 1,150 கிலோ என்றும், அதில் 62 விழுக்காடு, அதாவது 710 கிலோ அளவு, முன் அச்சில் இருக்கிறது என்றும் கொள்வோம். வண்டி புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கத்தோடு பாய்ந்தால், எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில், இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.47 மீட்டர் என்ற கணக்கில், ஏறக்குறைய 130 கிலோ முன்னச்சிலிருந்து கழன்று பின்னச்சுக்குப் போய்விடும். பின்சக்கர வண்டிக்கு இது வரம்; நமக்கோ, பிடிப்பு அதிகம் தேவைப்படும் அதே கணத்தில் பிடிப்பு பறிபோகிறது. இப்படி மாறும் எடையின் அளவை ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிக் குறைக்க முடியாது. எடைமையத்தைத் தாழ்த்த வேண்டும், அல்லது அச்சிடைவெளியைக் கூட்ட வேண்டும். வெளிநாடுகளில் முழுநேர முன்சக்கர டிராக் கார்களின் பின்புறம் நீண்ட கம்பிகளில் சிறு சக்கரங்கள் தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பாய். வண்டியின் நீளத்தைக் கூட்டியதுபோல் ஆக்கி, எடை சாய்வதைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. கெட்டியான பின் ஸ்பிரிங்குகளால் வண்டியின் பின்புறம் குந்தாமலும் முன்புறம் தூக்கிக்கொள்ளாமலும் இருக்கும். அதனால் முன் சக்கரங்களின் கோணம் கெடாது. அந்த அளவுக்கு அவையும் தேவையே.

இதனால்தான் முதல் அறுபது அடியைக் கடக்கும் நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். அங்கே பத்தில் ஒரு வினாடி மிச்சப்பட்டால், கால் மைல் முடிவில் ஒன்றரை மடங்கு, சில வண்டிகளில் இரு மடங்குவரை மிச்சமாகும். டைமிங் சீட்டு கைக்கு வந்ததும் முடிவுக்கோட்டு வேகத்தையும் மொத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். வேகம் நன்றாக இருந்து நேரம் மோசமாக இருந்தால் இன்ஜினில் குறையில்லை, புறப்பாட்டில்தான் குறை. இரண்டுமே மோசமாக இருந்தால் மட்டும் பானட்டைத் திற.

சரி, முன் சக்கரங்களுக்கு என்ன செய்வது? முதலில் டயர். 16 அங்குல அலாய் வீலைக் கழற்றி வைத்துவிட்டு, 15 அங்குல வீலில் 195/55 செமி ஸ்லிக் (வெட்டுகள் குறைந்த, பிடிப்பு மிகுந்த பந்தய டயர்) போடு. விட்டம் இப்போதுள்ள 195/55 R16ஐவிட நான்கு விழுக்காடு குறையும். கியர் விகிதத்தை அவ்வளவு குட்டையாக்கியதற்கு அது சமம், சுழலும் எடையும் குறையும். காற்றழுத்தத்தை முன்னால் இறக்கியும் பின்னால் ஏற்றியும் சிறுசிறு படியாகச் சோதித்துப் பார். சாலை டயரோ செமி ஸ்லிக்கோ போட்டுக்கொண்டு புகை மண்டும்படி பர்ன்அவுட் செய்வது, அதாவது நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுவது, கூட்டத்தின் கைதட்டலுக்கு மட்டுமே உதவும். ரப்பரில் ஒட்டிய மண்ணும் சிறுகல்லும் போகும் அளவுக்கு இரண்டொரு நொடி சுழற்றினால் போதும். அதற்குமேல் போனால் ரப்பரிலுள்ள எண்ணெய்ப் பசை மேலே வந்து வழுக்கத் தொடங்கும்.

அடுத்தது இன்ஜின் மவுன்ட், அதாவது இன்ஜினை இடத்தில் பிடித்துவைக்கும் தாங்கி. இன்ஜினின் அடியில் கியர்பாக்ஸை சப்ஃபிரேமோடு (அடிச்சட்டத்தோடு) பிணைக்கும் எலும்பு வடிவ மவுன்ட் ஒன்று இருக்கிறதல்லவா, அதிலுள்ள ரப்பர் புஷ் மெத்தென்று இருந்தால், கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் முன்னும் பின்னும் ஊசலாடும். சக்கரம் பிடித்துப் பிடித்து விடும். கான்கிரீட் தரையில் இதை நன்றாகப் பார்க்கலாம். சக்கரம் வெறுமனே சுழன்றிருந்தால் கறுப்புத் தடம் ஒரே கோடாக நீளும். சக்கரம் குதித்திருந்தால் அதே தடம் தையல்போல விட்டுவிட்டு, ஒரு சாண் கறுப்பு, ஒரு சாண் வெறுந்தரை என்று போகும். நேரத்தை மட்டுமல்லாமல் ஆக்சிலையும் காவு வாங்குவது அந்த விட்டுவிட்டு விழும் தடம்தான். கெட்டியான பாலியூரித்தேன் செருகு ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வண்டிக்குள் அதிர்வு கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதாக, லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போகும்படி பங்கிடும் அமைப்பு. சாதாரண டிஃபரன்ஷியல் பிடிப்பு இழந்த சக்கரத்துக்கு ஏற்ற அளவுக்குத்தான் மற்றதற்கும் விசை கொடுக்கும். ஒரு சக்கரம் மணலில் ஏறினால் இரண்டுமே கெட்டது. விலை அதிகம்தான், கியர்பாக்ஸை இறக்கவும் வேண்டும். ஆனால் எப்படியும் கிளட்ச் மாற்ற இறக்கத்தானே போகிறோம்? இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிடு. கிளட்ச் பிளேட் மாற்றாமல் ரீமேப் (இன்ஜினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி எழுதுவது) செய்வதில் பயனில்லை. ரீமேப் செய்த டிஎஸ்ஐ வண்டிகளில் மூன்றாவது நான்காவது கியரில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

எடையைக் குறைப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பின்சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, பின் தட்டு எல்லாமே பின்னச்சுப் பக்கம் இருப்பவை. அவற்றை எடுத்தால் மொத்த எடையும் குறையும், முன்னச்சின் பங்கும் கூடும். பேட்டரியை டிக்கிக்கு மாற்றச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதே. அது பின்சக்கர வண்டிக்காரர்களின் யோசனை. நமக்கு அது முன்னாலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ரீமேப் செய்யலாம். கம்பெனி டர்போவை வைத்துக்கொண்டே உன் இன்ஜின் 130 குதிரைத்திறனைத் தாண்டும். மேப் எழுதுபவரிடம் நீ கேட்க வேண்டியது உச்சச் சக்தியை அன்று, குறைந்த ஆர்பிஎம்மில் முறுக்குவிசை எப்படி ஏறுகிறது என்பதை. 2,000 ஆர்பிஎம்மில் டர்போவை முழுவதும் ஊதவிட்டால் சாலையில் ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறு டர்போ இன்ஜின்களில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து மிகுந்திருப்பது அந்தத் தாழ்ந்த ஆர்பிஎம்மில்தான். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போவது பெரும்பாலும் அங்கேதான். டிராக் பந்தயத்தில் நீ 3,500க்குக் கீழே இறங்கப் போவதே இல்லை. எனவே அங்கே முறுக்குவிசையை அடக்கி, மேலே நிமிர்ந்து நிற்கும் மேப்பைக் கேள். முதல் கியரில் மட்டும் பூஸ்டை, அதாவது டர்போ ஊதும் அழுத்தத்தை, குறைத்து எழுதிக் கொடுக்கவும் முடியும். நம் வண்டிக்கு அது மிக முக்கியம். ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிடு, கூடுதல் அழுத்தத்தில் பொறி அணையாமல் இருக்கும். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் இருக்கட்டும்; இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 கிடைத்தால் நல்லது, விலைதான் கடுமை. வரிசையில் வெயிலில் காத்திருக்கும்போது இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து வை. உள்ளே போகும் காற்று சூடானால் இசியு (இன்ஜினை ஆளும் கணினி) தானாகவே பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், நீ பணம் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஓடிப்போகும்.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன்: இதையெல்லாம் இரவில் புறவழிச்சாலையில் சோதித்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றமாக்குகிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிது, அந்தச் சாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால்கேனோடு வரும் மனிதர். வண்டியைப் பந்தயத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, மைதானத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வா. சென்னைக்கு அருகே இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய மாநிலம் நம்முடையது. இப்போது சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைப் பக்கம் செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. செட்டிபாளையம் தடத்துக்குப் பெயர் கொடுத்த கரிவர்தன், மாருதி 800இன் சிறு இன்ஜினை வைத்தே ஒரு தலைமுறைக்குப் பந்தயக் காரோட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு சிறிய இன்ஜினை யாரும் குறைவாகப் பேசினால் எனக்குத் தாங்காது.

பொங்கல் விடுமுறைக்கு வண்டியோடு இங்கே வந்துவிடு. மவுன்ட்டையும் கிளட்ச்சையும் நம் கையாலேயே மாற்றலாம். கியர்பாக்ஸ் ஜாக் என்னிடம் இருக்கிறது, மகளும் உதவிக்கு நிற்பாள். அதற்குமுன் மூன்று சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தத்தையும்) அளந்து எனக்கு எழுது. ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், கிளட்ச்சுக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவைத்து, முதலில் இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ரகுநாதன்